கூடுதல் பன்னிரண்டு அங்குலம்

எங்கள் வார்டு மெம்பரிடம் 'ரொம்ப' என்று சொல்லிவிட்டு யாரும் நகர முடியாது. சாக்கடை ரொம்ப நாறுகிறது என்றால், "எம்புட்டுத் தூரத்துக்கு நாறுது?" என்று கேட்பார். தெருவில் பள்ளம் ரொம்ப ஆழம் என்றால், "எம்புட்டு? கணுக்காலா, முழங்காலா?" என்பார். பதில் தெரியவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, பாத்துட்டு வந்துருவோம்" என்று கடையை விட்டு இறங்கிவிடுவார்.

அவர் தையற்காரர். கடைவீதியில் இரண்டு மிஷின் போட்ட கடை. ஒல்லியான உடம்பு. வருஷக்கணக்காக மிஷினில் குனிந்ததில் ஒரு தோள் இறங்கியிருக்கும். நகரசபைத் தேர்தலில் நின்று ஜெயித்த பிறகும் டேப்பைக் கழற்றவில்லை. மற்ற மெம்பர்கள் தோளில் மடித்த துண்டோடு கூட்டத்துக்குப் போனால், இவர் கழுத்தில் டேப்போடு போவார். "அதைக் கடையில வச்சுட்டு வரப்படாதா?" என்று சேர்மன் ஒருமுறை கேட்டாராம். "டாக்டரு கொழாயை மாட்டிக்கிட்டு வந்தா கேப்பீங்களாய்யா?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

மனிதர்களுடைய பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. அளவு நிற்கும். எங்கள் தெரு வக்கீலை 'நாப்பத்திரண்டு இடுப்பு' என்றுதான் சொல்வார். பிள்ளைகளை உயரத்தால் கூப்பிடுவார். "என்ன முப்பத்தேழு, சாப்பிட்டாச்சா?" என்று என் மூத்தவள் கோமதியைக் கேட்பார். தீபாவளிக்குத் துணி அளவெடுக்கும்போது அந்தப் பெயர் மாறும். "நாந்தான் இப்ப நாப்பது" என்று அவள் ஒரு தீபாவளிக்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான் ஆலங்குடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள். அங்கே பிள்ளைகள் காலையில் போனால் பசித்தால்தான் வரும். யாரும் பயந்ததாக நினைவில்லை. கல்யாணமாகி டவுனுக்கு வந்து, கோமதி நடக்கத் தொடங்கிய பிறகு எனக்கு எல்லாவற்றிலும் பயம் வந்துவிட்டது. சாக்கடை மேல் ஆடும் கல், எதிர்வீட்டு ஜன்னலில் துருத்தி நிற்கும் ஆணி, தெருமுனையில் திரும்பும் பஸ், சந்தைக்குப் போகும் காளை. அவள் காலில் கொலுசு போட்டிருந்தேன், அழகுக்காக அல்ல. சத்தம் நின்றால் என் கைவேலை நிற்கும்.

எதிர்வீட்டுச் செல்லம்மக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "படிச்ச புள்ளைன்னாங்க, இது என்னடி, காக்கா கத்துனாக்கூடப் புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிற?"

என் வீட்டுக்காரர் நகரசபை ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு வேறு கவலை. "நம்ம எல்லாத்துக்கும் முனிசிபாலிட்டியக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாதும்மா. எனக்குச் சம்பளம் அங்கேருந்துதான் வருது" என்பார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் தோன்றும். பேசாமல் இருந்துவிடுவேன். அப்புறம், பேசாமல் இருந்தது சரியா என்று யோசிப்பேன்.

என் பயத்தைப் பார்த்துச் சிரிக்காமலும் அடக்காமலும் இருந்த ஒரே மனிதர் மெம்பர்தான். அவர் என்னைச் சமாதானப்படுத்தியதே இல்லை. பயத்தை அளந்தார்.

முதலில் அந்த பஸ் சங்கதி. ஆலங்குடி பஸ் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது வீட்டு வாசலையே தொட்டுக்கொண்டு போவதுபோல் எனக்குத் தோன்றும். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோது சொன்னேன்.

"எம்புட்டு ஒட்டிப் போகுது ஆத்தா?"

"ரொம்ப ஒட்டி."

"அது சரி. எம்புட்டு?"

மறுநாள் காலையில் துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியோடு வந்தார். வாசலிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு, சாலைப் போக்கிலேயே நீளமாகப் போட்டார். மூன்று நாள், ஒவ்வொரு பஸ் போன பிறகும் வந்து, சக்கரம் எந்தக் கோட்டை அழித்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கடையில் துணி கொடுத்தவர்கள் தேடிக்கொண்டு தெருமுனைக்கே வந்தார்கள். "எங்க சட்டை என்னாச்சு மெம்பரே?" என்றால், "பஸ்ஸு வந்துட்டுப் போகட்டும், சொல்றேன்" என்பார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"காலை பஸ்ஸு நாலடி தள்ளிப் போகுது. மத்தியான பஸ்ஸுதான் ஒண்ணரை அடியில போகுது. ஒங்க பயம் காலையில வேணாம். மத்தியானம் வச்சுக்கங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த ஒண்ணரை அடியைச் சொல்லி, முனையில் ஒரு கல்தூண் நட வைத்தார். மத்தியான பஸ் அதன் பிறகு வெளியே சுற்றித்தான் திரும்பியது.

இப்படிப்பட்டவரை அடுத்த தேர்தலில் எங்கள் தெருவே தோற்கடித்தது. எதிர்த்து நின்றவர்கள் சுவரில் எழுதியதெல்லாம் ஒரே வரிதான்: 'ஏற்றி இறக்கிய மெம்பருக்கா உங்கள் ஓட்டு?' அந்த ஏற்றலும் இறக்கலும் என்னால் வந்தவை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவின் நடுவில் ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. சமஸ்தான காலத்தில் செம்புறாங்கல்லைக் குடைந்து இறக்கியது. எட்டிப் பார்த்தால் ஆழத்தில் தண்ணீர் ஒரு தட்டுப்போல் தெரியும். நாற்பது வீட்டுக்கு அதுதான் தண்ணீர். கோமதிக்கு மூன்றரை வயதானபோது, கிணற்றடியில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடத் தொடங்கினாள். சுற்றுச்சுவர் அவள் இடுப்புக்குத்தான் வந்தது.

மெம்பர் கடைக்குப் போனேன். இந்தத் தடவை 'ரொம்ப' என்று சொல்லவில்லை. நானே மரஸ்கேலை வைத்து அளந்துகொண்டு போயிருந்தேன். "சுவர் இருபது அங்குலம்தாங்க இருக்கு" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா, வாத்தியார் வீட்டம்மா அளந்துட்டு வந்துருக்காக" என்று கடையில் இருந்த எல்லோரிடமும் சொன்னார்.

அன்று மாலையே வந்து, தெருவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேப்பமர நிழலில் வரிசையாக நிறுத்தினார். பதினொரு பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் மொத்த உயரம், தோள் உயரம், கையை மேலே நீட்டினால் எவ்வளவு, காலைத் தூக்கினால் எவ்வளவு. சட்டை தைக்கத்தான் அளவெடுக்கிறார் என்று நினைத்து ஒரு பிள்ளை, "எனக்குச் செவப்புச் சட்டை" என்றது. பிறகு பெண்களைக் குடத்தோடு நிற்க வைத்து, வாளியைத் தூக்கி எடுக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்த்தார். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்தார்.

"முப்பது இஞ்சு" என்றார். "முப்பது வச்சா எந்தப் புள்ளையும் ஏற முடியாது. தண்ணி சேந்துறவுங்களுக்கும் இடுப்பு ஒயரத்துல நிக்கும். மனு எழுதுங்க ஆத்தா. கையெழுத்து வாங்கிக்கிட்டு நான் போறேன்."

எழுதினேன். முப்பது அங்குலம் என்றுதான் எழுதினேன்.

கையெழுத்து வாங்குவதற்குள் எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. முப்பது போதுமா? இன்றைக்கு ஏற முடியாத பிள்ளை அடுத்த வருஷம் ஏறுமே? கோமதி வருஷத்துக்கு மூன்று அங்குலம் வளர்கிறாள். அப்போது மறுபடியும் மனு எழுதி, மறுபடியும் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா? மறுநாள் காலை மனுவை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். மெம்பர் ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கூட்டி வையுங்களேன்" என்றேன். "வளர்ற பிள்ளைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொவத்தையா?"

"பாவாடைக்கு மட்டும் ரெண்டு அங்குலம் மடிச்சு வைக்கிறீங்க. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்னு. சுவருக்கு அப்படி வைக்கக் கூடாதா?"

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று கடையில் துணி கொடுக்க வந்திருந்த மூன்று பெண்களும், "ஆமா, அந்தப் புள்ள சொல்றதும் சரிதானே" என்றார்கள். எங்கள் ஊரில் எந்தத் தாயும் பிள்ளைக்குச் சரியான அளவில் துணி தைத்ததில்லை. சட்டை முழங்காலைத் தொடும், பாவாடை தரையைக் கூட்டும். வளர்கிற பிள்ளை என்பதுதான் எல்லாவற்றுக்கும் கணக்கு.

"பாவாடை வேற, கெணறு வேற ஆத்தா" என்றார் மெம்பர். "முப்பது சரியான அளவு."

 கண்ணீர் வந்துவிட்டது. பொதுவில் அழுகிறோமே என்று இன்னும் அழுகை வந்தது. அவர் சங்கடப்பட்டு ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். கொஞ்சநேரம் கழித்து, "சரி. எம்புட்டு?" என்றார்.

"ஒரு அடி" என்றேன். எதையும் அளந்து சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் கையெழுத்தாகாத மனுவில் முப்பதை அடித்து நாற்பத்திரண்டு என்று எழுதினார். அளக்காத ஓர் எண்ணை அவர் ஏற்றுக்கொண்டதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் வீட்டுக்கு வந்து மனுவைத் திருத்தி எழுதினேன். 'வளரும் குழந்தைகளை உத்தேசித்து' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தீர்மானம் தடையில்லாமல் நிறைவேறியது. கொத்தனார் வந்தார். செம்புறாங்கல் அடுக்கி, சாந்து பூசி, நாற்பத்திரண்டு அங்குலத்துக்குச் சுவர் எழும்பியது. கோமதியின் தலை மறைந்தது. ஒரு வாரம் நான் நிம்மதியாகச் சமைத்தேன்.

அந்த ஒரு வாரமும் மற்றப் பெண்கள் என்னைத் திட்டினார்கள். சுவர் அவர்கள் நெஞ்சுக்கு வந்துவிட்டது. வாளியை உருளை வரைக்கும் இழுத்துவிடலாம், எட்டிப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவர முடியவில்லை. தண்ணீர் பாதி கிணற்றுக்குள்ளேயே கொட்டியது.

"நாங்க என்ன கொக்காடி, கழுத்த நீட்டி எடுக்க?" என்றார் செல்லம்மக்கா. அவர் என்னைவிடக் குள்ளம். "ஒம் புள்ளைக்குச் சொவரு கட்டுனியா, எங்களுக்குக் கட்டுனியா?"

எட்டாம் நாள் யாரோ ஒரு பழைய துவைகல்லைப் புரட்டிக் கொண்டுவந்து சுவரோரம் போட்டார்கள். அதன்மேல் ஏறி நின்றால் வாளி கைக்கு வந்தது. குடத்தை வைக்கவும் ஆயிற்று, உட்கார்ந்து பேசவும் ஆயிற்று. எல்லோருக்கும் கோபம் தணிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அந்தக் கல்லை நானும் பார்த்தேன். நானும் ஏறி நின்று தண்ணீர் எடுத்தேன். அதில் பிள்ளையும் ஏறும் என்று, எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு, ஒரு கணமும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். கொலுசுச் சத்தம் நின்றது. வாசலுக்கு வந்தேன். கோமதி துவைகல்மேல் ஏறி, அதிலிருந்து சுவர்மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தாள். தலையும் கையும் கிணற்றுக்குள். இந்தப் பக்கம் இரண்டு கால்கள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கூப்பிட்டால் திடுக்கிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். பத்து எட்டு வைக்கிற தூரம்தான். காலைப் பிடித்து இழுத்தபோது, "தட்டு தெரியுதும்மா" என்றாள்.

மெம்பர் அரைமணியில் வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. துவைகல்லின்மேல் டேப்பின் ஒரு முனையை வைத்தார். மறுமுனையைச் சுவரின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோனார். குனிந்து பார்த்தார். டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவுங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"இருபத்திரண்டு" என்றார். "முன்னால இருபது. இம்புட்டுக் கல்லும் சாந்தும் போட்டு ரெண்டு இஞ்சு ஏத்திருக்கோம்."

கல்லை அன்றே புரட்டித் தள்ளச் செய்தார். மறுநாள் காலை அது பழைய இடத்திலேயே கிடந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. "தண்ணி எடுக்கணும்ல" என்றார். "கல்லு இல்லாம எடுக்க முடியாத சொவரக் கட்டிட்டு, கல்லைப் போடாதேன்னா எப்புடி? தப்பு கல்லு மேல இல்ல, சொவத்து மேல. வளர்ற புள்ளைக்கு ஒசரம் கூடுறப்ப புத்தியும் கூடும். சொவரு சின்னதுகளுக்குத்தான். அதை அன்னைக்கே ஒங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கணும் நானு."

சுவரைக் குறைக்க வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்துக்கு நானும் போனேன். "நீ போனா நாளைக்கு எனக்கு மெமோ வரும்" என்றார் வீட்டுக்காரர். சேலை மாற்றினேன், வேண்டாம் என்று உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கோமதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்வையாளர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கே வேறு பெண்கள் யாரும் இல்லை. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

மெம்பர் எழுந்து சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு தொடங்கிவிட்டது.

"போன மாசம் ஏத்தணும்னீங்க. இந்த மாசம் எறக்கணும்ங்கிறீங்க. அது என்னய்யா, சொவரா, கொடியா?" என்றார் ஒருவர்.

"சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம் மெம்பரே" என்றார் இன்னொருவர்.

"சொவத்தையும் பிரிச்சுத்தாங்க தைக்கணும்" என்றார் இவர்.

சேர்மன் சிரிக்கவில்லை. பழைய மனுவை எடுத்து வரச் சொல்லி வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என் கையெழுத்து. "வளரும் குழந்தைகளை உத்தேசித்து" என்ற வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தார். அறை முழுக்கச் சிரித்தது. "குழந்தை வளரும்னு சுவரை வளர்த்தவங்க யாருப்பா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்ததாக நினைவில்லை. "எழுதினது நான்தாங்க. கூட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். ஐயா முப்பதுதான் சொன்னாங்க" என்றேன். 

"பார்வையாளர்கள் பேசக் கூடாது" என்றார் சேர்மன்.

மெம்பர் என் பக்கம் திரும்பினார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "உக்காருங்க ஆத்தா. கேட்டது நீங்க, அளவு போட்டது நானு." பிறகு சேர்மனிடம் சொன்னார்: "கூட்டி வைன்னு கேக்குறது புள்ளை பெத்தவுக ஒரிமைங்க. வைக்க முடியாதுன்னு சொல்றது என் வேலை. நாஞ் சொல்லல. எந்தத் தையக்காரனாச்சும் துணி கெட்டுப்போனா, கொடுத்தவுகதான் கெடுத்தாகன்னு சொல்வானா?"

 அவர் டேப்பை எடுத்துச் சேர்மனின் மேஜையைத் தரையிலிருந்து விளிம்பு வரை அளந்தார். "முப்பது" என்றார். "நாங் கேக்குற சொவரு இதாங்க. பாப்பாவ இங்கிட்டு விடுங்க ஆத்தா."

கோமதியை இறக்கி விட்டேன். மேஜைமேல் சேர்மனின் வெண்கல மணி இருந்தது. "முப்பத்தேழு, அந்த மணிய எடுத்துக்க" என்றார்.

அவள் மேஜையருகே போனாள். விளிம்பு அவள் தோளுக்கு இருந்தது. கையை நீட்டினாள், எட்டவில்லை. குதித்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். மேஜையின் முன்பக்கம் வழவழப்பான பலகை, கால் வைக்க இடமில்லை. வழுக்கி உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

மெம்பர் அலமாரியோரம் கிடந்த பழைய தீர்மானப் புத்தகங்களில் நாலைந்தை அடுக்கி அவள் முன்னால் வைத்தார். "இதாங்க துவைகல்லு" என்றார்.

யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவள் புத்தகங்களின்மேல் ஏறினாள். வயிற்றை மேஜையில் வைத்தாள். ஒரு தள்ளு. தலையும் கையும் மேஜைக்கு மேலே, இரண்டு கால்கள் இந்தப் பக்கம் காற்றில். கிணற்றில் நான் பார்த்த அதே காட்சி.  அவள் மணியைப் பிடிக்க இன்னும் முன்னால் உந்தினாள். புத்தகம் சரிந்தது.

அங்கே கிணறு இல்லை, மேஜைதான். இருந்தும் சேர்மன் நாற்காலியிலிருந்து பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அத்தனை பேருடைய கையும் நீண்டிருந்தது. கொடி என்று கேலி செய்தவர் பாதி எழுந்து நின்றிருந்தார். மணி உருண்டு கீழே விழுந்து அடித்தது.

 சேர்மன் அவளைத் தூக்கித் தரையில் நிறுத்தினார். "முப்பதா?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பதுங்க" என்றார் மெம்பர்.

சுவரை இடித்து முப்பதுக்குக் கொண்டுவந்தார்கள். துவைகல்லைப் பெண்களே புரட்டிக்கொண்டு போய்ச் சாக்கடையோரம் போட்டார்கள். வீட்டுக்காரருக்கு மெமோ வரவில்லை. ஆனால் ஊரில் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தேர்தல் வந்தபோது அதே சிரிப்பு சுவர் எழுத்தாக வந்தது. அவர் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. "உண்மைதானே, ஏத்துனேன், எறக்குனேன்" என்றார். முப்பது என்று முதலில் சொன்னது அவர்தான் என்பதை நான் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு வீட்டில் சொன்னேன். ஐந்தாவது வீட்டில், "ஒனக்கு எதுக்குடி அரசியல்?" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். மற்ற வீடுகளுக்கும் போயிருக்க வேண்டும்.

தோற்ற மறுநாள் கடைக்குப் போனேன்.  "எம்புட்டு ஓட்டுல தோத்தீங்க?" என்று துணி வாங்க வந்த யாரோ கேட்டார்கள். சரியான எண்ணை உடனே சொல்லிவிட்டு, "போன தடவை ஜெயிச்சதவிட இது கூட" என்று சிரித்தார். பிறகு என் கையில் இருந்த துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

கண் மங்கிய பிறகு மிஷின்களை விற்றுவிட்டு அறந்தாங்கிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார். கோமதி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளைப் பார்க்காமல் போகிறோமே என்று வருத்தப்பட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். முகவரி இருந்தது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. துணி துவைக்க இன்னும் கிணற்றடிக்குத்தான் போகிறோம். போன வாரம் நான் அங்கே துவைத்துக்கொண்டிருந்தபோது, என் இளையவள் கிணற்றுச் சுவரருகே போனாள். அவளுக்கு இப்போது மூன்று வயது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். காலை உதைத்தாள். வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள். எழுந்து மறுபடியும் தொங்கினாள்.

செல்லம்மக்கா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "ஏண்டி, புள்ள கெணத்துல ஏறுது, குத்துக்கல்லாட்டம் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஏற முடியாதுக்கா" என்றேன்.

சொன்னதை மறுபடி யோசித்துப் பார்க்கவில்லை. அடுத்த துணியை எடுத்து நனைத்தேன்.